மழைநீர்க் குழியைத் திறந்து பாருங்கள்

பெருநகரச் சென்னை மாநகராட்சியின் மாமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

சென்ற புரட்டாசியில், மொட்டைமாடி மழைநீரை நிலத்துக்குள் இறக்குவதற்கான எங்கள் குடியிருப்பின் மழைநீர்க் குழியைத் திறந்தோம். பதினோரு ஆண்டுகளாக அங்கே வசிக்கிறேன். அதன் மூடி திறந்து நான் பார்த்தது அதுவே முதல் தடவை. ஒரு சாண் உயரத்துக்குக் கறுத்த வண்டல், வேப்பஞ்சருகு, இரண்டு பால் உறைகள். அடியில் ஜல்லி இறுகிக் கிடந்தது. ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினோம். கால் மணி நேரம் கழித்தும் அப்படியே நின்றது. மொட்டைமாடியிலிருந்து இறங்கும் குழாயில் மட்டும் ஒரு பழுதும் இல்லை. குழாயை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவருக்கு எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும்.

2003இல் ஜெயலலிதா அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. துணிச்சலான முடிவு. அடுத்த சில ஆண்டுகளில் நகரின் பல பகுதிகளில் கிணறுகளின் நீர்மட்டம் உயர்ந்தது. ஆனால் குழி வெட்ட வைத்த சட்டம், ஆண்டுதோறும் அதைத் தூர்வாரும் பொறுப்பை யார் தலையிலும் உறுதியாகக் கட்டவில்லை.

2015 டிசம்பரில் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தது. நான்கே ஆண்டுகளில், 2019 கோடையில், நகருக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டன. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது: முதல் ரயிலில் 50 வேகன்கள், 25 லட்சம் லிட்டர். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஆயிரம் சதுர அடி மொட்டைமாடியில் விழுவது, சேதாரம் போக, ஒரு லட்சம் லிட்டர். அந்த ரயில் சுமந்து வந்தது இருபத்தைந்து மாடிகளின் ஓராண்டு மழை. எங்கள் தெருவிலேயே அதைவிட அதிக மாடிகள் இருக்கின்றன.

வளரும் நாடு, முதலில் வளர்ச்சி, பிறகு சுற்றுச்சூழல் என்று சொல்பவர்களிடம் இந்தக் கணக்கைத்தான் வைக்கிறேன். கெட்டதைப் பணம் கொட்டிச் சரிசெய்துகொள்ள வசதியான நாடுகளால் முடியும். நம்மிடம் இருப்பது ஒரே காசு; அதை லாரித் தண்ணீருக்குக் கொடுத்தால் பள்ளிக்கூடத்துக்கு இருக்காது. மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அங்கே ஒவ்வொரு லிட்டருக்கும் மின்சாரம் செலவாகிறது. எங்கள் குழிக்குத் தேவைப்பட்டது இரண்டு பேரின் ஒரு நாள் கூலி. 2019இல் லாரி வரும் நேரம் தெரியாததால், எங்கள் குடியிருப்பில் வீட்டுவேலை செய்யும் அம்மா மூன்று நாள் வேலைக்கு வரவில்லை. அந்த மூன்று நாள் கூலியை எந்தத் திட்டமும் அவருக்குத் திருப்பித் தரவில்லை.

ஒவ்வோர் ஆண்டும் ஆவணி முடிவதற்குள் வார்டுதோறும் குழிகளைத் திறந்து, தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். எத்தனை குழிகள் இருக்கின்றன என்பதைவிட, எத்தனை குழிகள் நீரை உறிஞ்சுகின்றன என்று எழுதுங்கள். திருவான்மியூரின் மணலுக்கும் அண்ணாநகரின் களிமண்ணுக்கும் வேளச்சேரியின் பாறைக்கும் ஒரே மாதிரிக் குழி பொருந்தாது, அதையும் குறியுங்கள். அந்தப் பதிவேடு, உங்களுக்குப் பின் எந்தக் கட்சியினர் வந்தாலும், அவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.

எங்கள் வார்டில் என்றைக்குத் தொடங்குகிறீர்கள் என்று சொல்லுங்கள். வாளியோடு நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாக்காளர்களில் ஒருவர்