கொட்டகையை மூடுவதற்கு முன்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ரேணு வந்து அப்பாவைப் பார்த்துவிட்டுப் போனாள். நான் ஒன்றும் கேட்கவில்லை, அவளும் ஒன்றும் சொல்லவில்லை. நீ போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன்.

நீ அக்காவுக்கு அனுப்பியதை அவள் காட்டினாள். செடிகளுக்குக் கரியமிலவாயு விடுவதற்கான கேஸ் பர்னரின் விலை, கொட்டகையின் நாலு பக்கமும் பிளாஸ்டிக் கட்டி மூடும் திட்டம். கேமரன் மலையில், உன் பிரிஞ்சாங்கில் தோட்டக்காரர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடுகிறார்களாமே. கரியமிலவாயு பயிருக்குச் சாப்பாடு, அது ஏறினால் விளைச்சலும் ஏறும், பருவநிலை மாற்றம் எல்லாம் வெறும் பயமுறுத்தல் என்று ஒரு கட்சி. இனி விவசாயமே கிடையாது, விற்றுவிட்டு இறங்கிவிடலாம் என்று இன்னொரு கட்சி. நீ முதல் கட்சியாம்.

உன் கட்சிக்காரர்கள் சொல்வதில் பாதி சரி. தொழிற்சாலைகள் பெருகுவதற்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்கு கரியமிலவாயு இருந்தது. 1958இல் ஹவாயின் மௌனா லோவா மலையில் கீலிங் என்கிற விஞ்ஞானி அளக்கத் தொடங்கியபோது 315. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. நெல், கோதுமை, தக்காளி, லெட்டூஸ் போன்றவை இதனால் கொஞ்சம் லாபம் பார்ப்பவைதான். அவற்றின் இலையில் வாயுவைப் பிடிக்கும் ருபிஸ்கோ என்கிற நொதி, தவறிப்போய் ஆக்சிஜனையும் பிடித்துக்கொள்ளும். அதைச் சரிக்கட்டவே செடிக்குச் சக்தி விரயமாகும். கரியமிலவாயு கூடினால் விரயம் குறையும். மக்காச்சோளம், கரும்பு, கம்புக்கு அந்த லாபம் அநேகமாகக் கிடையாது. அவை ஏற்கெனவே இலைக்குள் வாயுவைத் திரட்டி வைத்துக்கொள்பவை. வறட்சி நேரத்தில் மட்டும், இலைத்துளை சுருங்கித் தண்ணீர் மிச்சமாகிற அளவுக்கு நன்மை.

மறுபாதியை அங்கே யாரும் பேசவில்லை போலிருக்கிறது. வாயு தனியாக ஏறவில்லை, சூட்டையும் சேர்த்து ஏற்றுகிறது. பிலிப்பீன்ஸின் லோஸ் பானோஸ் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 1979 முதல் 2003 வரை வெப்பத்தையும், 1992 முதல் 2003 வரை விளைச்சலையும் எடுத்த கணக்கு இருக்கிறது. வறண்ட பருவத்தில் இரவு வெப்பம் 1 டிகிரி கூடினால் விளைச்சல் 10 விழுக்காடு குறைந்தது. நெல் பூத்திருக்கும்போது 35 டிகிரியைத் தாண்டி ஒரு மணி நேரம் நின்றாலே மகரந்தம் கெட்டுக் கதிர் பதராகும். திறந்த வயலைச் சுற்றிக் குழாய் வைத்து வாயு விட்டுப் பார்த்த சோதனைகளில், விளைச்சல் கூடினாலும் அரிசியில் புரதம், இரும்பு, துத்தநாகம் மூன்றும் குறைந்தன. மூட்டைக் கணக்கு பார்க்கிறவனுக்கு இது தெரியாது, சோற்றை மட்டும் நம்பிச் சாப்பிடுகிற பிள்ளைக்குத்தான் தெரியும். 2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியபோது சிங்கப்பூர் விலக்குக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. 90 விழுக்காட்டுக்கு மேல் வெளியிலிருந்து வாங்கிச் சாப்பிடுகிற ஊர் இது. "பயிருக்கு நல்லதுதானே" என்ற ஒரு வார்த்தையில் இதை முடிக்க முடியாது, தம்பி.

சரி, உன் கொட்டகைக்கு வருகிறேன். பர்னர் வேண்டாம் என்று சும்மா சொன்னால் நீ கேட்க மாட்டாய், கணக்கைச் சொல்கிறேன்.

1,000 சதுர மீட்டர், சராசரி உயரம் 4 மீட்டர் என்றால் உள்ளே 4,000 கனமீட்டர் காற்று. அதில் 400 பங்கு கூட்ட 1.6 கனமீட்டர் வாயு வேண்டும், எடையில் 3 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. மலிவுதானே என்று தோன்றும். ஆனால் பக்கம் திறந்த கொட்டகையில் மணிக்கு 30 தடவை காற்று மாறினால் மணிக்கு 85 கிலோவுக்கு மேல் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். 30 கிலோ கரியமிலவாயு சிலிண்டர் அரை மணி நேரம்கூடத் தாங்காது. அதனால்தான் மூடப் பார்க்கிறாய், புரிகிறது. மூடினால் பத்து மணி வெயிலிலேயே உள்ளே வெந்துவிடும். 32 டிகிரிக்கு மேல் போனால் தக்காளிப் பூ காய் பிடிக்காமல் உதிரும். போதாததற்கு, ஒரு கிலோ கேஸ் எரிந்தால் 3 கிலோ கரியமிலவாயுவோடு ஒன்றரை கிலோவுக்கு மேல் நீராவியும் வரும். ஏற்கெனவே பனியும் ஈரமும் உள்ள மலையில் அது பூஞ்சணத்துக்குக் கதவைத் திறந்துவிடுகிற வேலை.

குளிர்நாட்டுக்காரர்கள் செய்கிறார்களே என்பாய். அவர்களுக்குக் குளிர்காலத்தில் மூடித்தான் ஆக வேண்டும், பர்னரின் சூடும் அவர்களுக்கு வேண்டியது. இங்கே சிங்கப்பூரில் கட்டடத்துக்குள் விளக்குப் போட்டுக் கீரை வளர்ப்பவர்களும் 1,000 பங்கு வரை வைப்பது உண்டு, அறை மூடியிருப்பதால் வாயு நிற்கிறது. அதற்கு மேல் விட்டாலும் பெரிய பலன் இல்லை. அப்படியிருந்தும் மின்கட்டணத்தைத் தாங்காமல் பண்ணைகள் மூடின. 2030க்குள் உணவுத் தேவையில் 30 விழுக்காடு உள்ளூர் உற்பத்தி என்ற அரசாங்க இலக்கையே 2025 நவம்பரில் மாற்றி, 2035க்கு வேறு இலக்கு வைத்தார்கள்.

இன்னொன்று, லெட்டூஸ். வாயு கூடினால் இலைத்துளை சுருங்கும், நீர் ஆவியாவது குறையும். நீரோடு போக வேண்டிய கால்சியம் குருத்துக்குப் போய்ச் சேராது. வெளியிலைகள் பளபளவென்று இருக்கும், நீயும் சந்தோஷப்படுவாய். நடுக்குருத்தை இரண்டு விரலால் விலக்கிப் பார். உள்ளே சுருண்டிருக்கிற சின்ன இலையின் ஓரம் முதலில் கண்ணாடி மாதிரி நீர்கோத்து, மறுநாள் பழுப்பாகி, பிறகு கறுத்துக் குழைந்திருக்கும். கால்சியம் கரைசலைக் கூட்டினால் தீராது, மேலே தெளித்தாலும் குருத்துக்குள் இறங்காது. மின்விசிறியைக் குருத்தின்மேல் படும்படி மேலிருந்து வீச வைத்தால்தான் கேட்கும். அடுப்பில் எரிகிற அளவுக்குத்தான் உலை கொதிக்கும், அரிசியை அள்ளிப் போட்டால் ஆச்சா? வெளிச்சம், தழைச்சத்து, காற்றோட்டம், சூடு இவற்றில் எது குறைவோ அதில்தான் செடி நிற்கும்.

நீ இவ்வளவு தூரம் தனியாகப் போய், மண் சரிந்த இடத்தையெல்லாம் சீர்செய்து, மூன்று கொட்டகை எழுப்பியதை நான் எல்லாரிடமும் பெருமையாகத்தான் சொல்கிறேன். அப்பாவும் சொல்கிறார், உன்னிடம் சொல்ல மாட்டார். ஆனால் கடை வாதத்தில் ஜெயிப்பதற்காகப் பணத்தைப் போடுவது என்ன புத்தி? பணம் எங்கிருந்து என்று நான் கேட்கப் போவதில்லை. சித்தப்பாவின் கோழிப்பண்ணை உனக்கு மறந்திருக்காது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் கடிதம் வந்திருக்கிறது, சாவி வாங்கும் தேதி போட்டிருக்கிறது. பிரிக்காமல் வைக்க முடியவில்லை, படித்துவிட்டு உன் அலமாரியில் வைத்திருக்கிறேன்.

கொட்டகைக்குப் பக்கத்து அறையில்தான் தூங்குகிறாயாம். பர்னர் சரியாக எரியாவிட்டால் கார்பன் மோனாக்சைடு வரும், அதற்கு மணமே கிடையாது. எத்திலீனும் வரும், அது வந்தால் தக்காளி இலை கீழே வளைந்து பூ கொட்டும். செடி அப்படிக் காட்டிக்கொடுக்கும், தூங்குகிற மனுஷன் காட்டிக்கொடுக்க மாட்டான். கரியமிலவாயுவேகூட 5,000 பங்குக்கு மேல் எட்டு மணி நேரம் ஆள் வேலை செய்யக்கூடாது. அந்த அறையில் தூங்காதே. பர்னர் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அங்கே தூங்காதே.

செலவு செய்தே தீர வேண்டுமென்றால் கூரைத் தண்ணீருக்குச் செய். காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 விழுக்காடு கூடுதல் ஈரத்தைத் தாங்கும், அது பெய்யும்போது கொட்டும். 50 மில்லிமீட்டர் மழைக்கு உன் ஒரு கூரையிலிருந்து மட்டும் 50,000 லிட்டர் இறங்கும். அது நேராகச் சரிவில் விழுந்தால் உன் மண் ஆற்றுக்கும் அணைக்கும் போய்ச் சேரும். 2013 அக்டோபரில் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் அணைத் தண்ணீரைத் திறந்துவிட்டு வெள்ளம் வந்ததை அங்கே இருப்பவர்கள் உனக்கு நன்றாகவே சொல்வார்கள். கூரை ஓரத்தில் அகலமான பீலி, தொட்டி, தொட்டி நிரம்பினால் வழிய கல் பாவிய வாய்க்கால். இதுதான் பருவநிலை மாற்றத்துக்கு நீ செய்ய வேண்டிய முதல் வேலை, எந்தக் கட்சியாக இருந்தாலும்.

பர்னருக்கு முன்னால் கரியமிலவாயுவை அளக்கிற ஒரு மீட்டர் வாங்கு. திறந்த வெளியில் வைத்து 420, 430 பக்கம் காட்டுகிறதா பார். கிட்டே நின்று மூச்சு விடாதே, நம் மூச்சில் 40,000 பங்கு இருக்கும். வெயில் படாமல், செடியின் உச்சி உயரத்தில் தொங்கவிடு. காலை 7, 10, மதியம் 1, மாலை 4 மணிக்கு எழுதி வை. காலையில் ஏறியிருக்கும், இரவில் செடியும் மண்ணும் விட்ட மூச்சு அது. பத்து மணிக்கு 300க்குக் கீழே விழுந்திருந்தால் காற்றோட்டம்தான் குறை. பக்கத்துப் பிளாஸ்டிக்கைச் சுருட்டி, விசிறியைப் போட்டால் காசில்லாமல் 420க்கு வந்துவிடும். 250லிருந்து 420க்கு ஏற்றுவதில் கிடைக்கிற வளர்ச்சி, 420லிருந்து மேலே அதே அளவு ஏற்றுவதில் கிடைக்காது.

ஒரு வாரத்துக் கணக்கை எனக்கு அனுப்பு. அக்காவுக்கு வேண்டாம், எனக்கே அனுப்பு. ரேணுவுக்கும் ஒரு போன் போடு.

அன்புடன்,
அம்மா