கருத்துக் கேட்டால் பதிலும் சொல்ல வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இலங்கைக்குப் புதிய அரசியலமைப்பைக் கொண்டுவருவோம், 2015 இல் தொடங்கி இடைநடுவில் நின்ற வேலையை முடித்துவைப்போம் என்று 2024 தேர்தலில் தேசிய மக்கள் சக்தி வாக்குறுதி தந்தது. அதற்குப் பாராளுமன்றத்தில் தேவையான மூன்றில் இரண்டுக்கு 150 ஆசனங்கள் போதும். அவர்களிடம் 159 இருக்கின்றன. ஆகவே ஆள் போதாது என்ற சாக்குக்கு இம்முறை இடமில்லை. வரைவு வரும்போது மக்களிடம் கருத்தும் கேட்கத்தான் வேண்டும். கேட்ட பிறகு அந்தக் கருத்துகளை என்ன செய்யப்போகிறார்கள் என்பதுதான் என் கவலை.

இரண்டு குடியரசு யாப்புகளை, அதாவது அரசியலமைப்புகளை, கண்ட நாடு இது. 1972 இல் கொழும்பு நவரங்கஹலவில் அரசியல் நிர்ணய சபை கூடி முதல் யாப்பை நிறைவேற்றியது. தமிழரசுக் கட்சியின் சமஷ்டி (கூட்டாட்சி) யோசனை அங்கே எடுபடவில்லை. அக்கட்சி 1971 இலேயே வெளியேறிவிட்டது. அதற்கு முன் இருந்த சோல்பரி யாப்பில் சிறுபான்மையினருக்குக் காப்பாக இருந்த 29(2) பிரிவும் அத்தோடு போயிற்று. மலையக மக்களின் குடியுரிமையைப் பறித்த 1948 சட்டத்தை அந்தப் பிரிவால் தடுக்க முடியவில்லை என்பது உண்மை. இருந்தாலும் நீதிமன்றத்தில் காட்டி வாதாட ஒரு வரியாவது இருந்தது. அப்புறம் 1978 யாப்பு நிறைவேற்று ஜனாதிபதி முறையோடு வந்தது. இரண்டையுமே சர்வஜன வாக்கெடுப்புக்கு விடவில்லை. நாடு முழுவதும் நடந்த ஒரேயொரு சர்வஜன வாக்கெடுப்பு 1982 டிசம்பரில் நடந்தது. பொதுத் தேர்தல் வைக்காமல் பாராளுமன்றத்தின் ஆயுளை நீட்டலாமா என்றுதான் அன்று மக்களிடம் கேட்டார்கள்!

2016 இல் நடந்தது வேறு. லால் விஜேநாயக்க தலைமையில் 20 பேர் கொண்ட குழு 25 மாவட்டங்களிலும் மக்களைச் சந்தித்தது. கொழும்பில் விசும்பாயவில் அமர்வுகள் நடந்தன. மொழி, மதம், காணி, மாகாணங்களுக்கு அதிகாரம் என்று எல்லாவற்றையும் பற்றிச் சாதாரண சனங்கள் சொன்னார்கள், எழுதிக் கொடுத்தார்கள். குழு மே மாதமே அறிக்கையைக் கையளித்தது. இந்த நாட்டில் யாப்பு விஷயத்தில் நடந்த நல்ல காரியங்களில் அதையே முதலில் சொல்வேன். 2017 செப்டம்பரில், யாப்பு வரையும் வேலையைக் கவனித்த பாராளுமன்ற வழிநடத்தல் குழுவின் இடைக்கால அறிக்கை வந்தது. 2018 ஒக்டோபர் அரசியல் குழப்பத்துக்குப் பிறகு எல்லாம் அப்படியே கிடப்பில் போயிற்று. 2020 இல் இன்னொரு நிபுணர் குழுவை அமைத்து, திரும்பவும் முதலிலிருந்து கருத்துக் கேட்டார்கள். நீங்கள் சொன்னதில் இதை எடுத்தோம், இதை இன்ன காரணத்தால் விட்டோம் என்று 2016 இல் பேசியவர்களுக்கு ஒரு பதில் போகவேயில்லை. பதில் இல்லாத இடத்துக்கு எத்தனை தரம்தான் மனுக் கொடுப்பது?

நான் கேட்பது இதுதான். பாராளுமன்றத்தில் வாக்கெடுப்பு நடக்கும் முன்பே ஒரு பதில் அறிக்கை வெளிவர வேண்டும். ஒவ்வொரு உறுப்புரை பற்றியும் மக்கள் என்ன சொன்னார்கள், எது ஏற்கப்பட்டது, எது தள்ளப்பட்டது, ஏன் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். தள்ளியதற்குக் காரணம் எழுத வேண்டும் என்றாலே படிக்காமல் தள்ள முடியாது. ஏற்கவில்லை என்ற பதில் வந்தால்கூடப் பரவாயில்லை, அதை வைத்து அடுத்த வாதத்தைத் தொடரலாம்.

வரைவு சிங்களத்தில் வெளியாகும் அதே நாளில் தமிழிலும் வெளியாக வேண்டும். இரண்டு உரைகளுக்கும் இடையே முரண்பாடு வந்தால் சிங்கள உரையே மேலோங்கும் என்று சட்டங்களின் முடிவில் எழுதுவது இங்கே வழக்கம். அப்படியிருக்க, தமிழ் உரை பல வாரங்கள் பிந்தி வந்தால் நாங்கள் எதைப் படித்துக் கருத்துச் சொல்வது? படிக்கவும் பேசவும் குறைந்தது மூன்று மாதமாவது தர வேண்டும். புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமைகளும் கொட்டாஞ்சேனை தொடர்மாடிகளில் இருப்பவர்களும் வேலை நாளில் பகல் அமர்வுக்கு வர மாட்டார்கள், ஒரு நாள் கூலி போய்விடும். தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர்களுக்கும் அதே நிலைதான். ஞாயிறு, போயா (பௌர்ணமி விடுமுறை) நாட்களில், அவர்கள் இருக்கும் இடத்துக்கே போய், தமிழ் தெரிந்த அங்கத்தவர்களோடு அமர்வு வைக்கட்டும்.

இது முடியாத காரியமல்ல. தென்னாபிரிக்காவில் 1995 இல் வரைவைப் பல இலட்சம் பிரதிகள் அச்சடித்து மக்களிடம் கொடுத்துக் கருத்துக் கேட்டார்கள். 1996 இல் நிறைவேறிய யாப்பை 11 மொழிகளில் விநியோகித்தார்கள். அவ்வளவு கசப்பைக் கடந்து வந்த நாடு அது.

இருக்கிற யாப்பையே ஒழுங்காக நடத்தவில்லையே என்று கேட்பவர்களும் உண்டு. அதுவும் நியாயம்தான். எங்கள் மேல் மாகாண சபைக்கு 2014 மார்ச்சில் நடந்த தேர்தலோடு சரி, அந்தச் சபையின் காலம் 2019 இல் முடிந்தது. அதனால்தான் பதில் சொல்லும் கடமையை வெறும் வாக்குறுதியாக விடாமல், பாராளுமன்றத் தீர்மானமாகவே எழுதிவைக்கச் சொல்கிறேன்.

உங்கள் பத்திரிகையிடமும் ஒன்று கேட்கிறேன். வரைவு வந்ததும் வாரம் ஒரு பக்கம் ஒதுக்கி, ஒவ்வொரு உறுப்புரையாகத் தமிழில் விளக்கத்தோடு போடுங்கள். வாசகர் கருத்துகளைத் திரட்டிக் குழுவுக்கு அனுப்பிவையுங்கள். என்ன பதில் வந்தது என்பதையும் அதே பக்கத்தில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.