பெரணி இலையில் புள்ளி என்றால் உடனே மருந்தா?

ஆசிரியருக்கு வணக்கம்.

தோட்டப் பக்கத்தில் போன வாரம் வந்த பெரணிச் செடி கேள்வி பதிலைப் படித்தேன். இலையின் அடியில் பழுப்புப் புள்ளி தெரிந்தால் பூச்சி, மருந்தடியுங்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அதை நம்பி எத்தனை பேர் நல்ல செடியைக் கெடுத்துக்கொள்ளப் போகிறார்களோ, நானே ஒரு முறை கெடுத்தவன்.

பெரணி பூக்காது, காய்க்காது, விதையும் கிடையாது. விதைக்குப் பதிலாக அது இனம் பெருக்கும் தூள் மாதிரி வித்துகள் (ஸ்போர்) இலையடியில் இருக்கும் அந்தப் புள்ளிகளில்தான் இருக்கின்றன. இலையைத் திருப்பிப் பாருங்கள், நரம்புக்கு இரண்டு பக்கமும் ஒரே அளவில், ஒரே இடைவெளியில், பொத்தான் தைத்தது போல வரிசையாக இருந்தால் அது செடியுடையதுதான். சில வகையில் கோடு கோடாக இருக்கும், சிலவற்றில் இலை ஓரத்தை மடித்தது போல. ஆனால் எல்லாவற்றிலும் ஒரு ஒழுங்கு தெரியும். இலையில் பழுப்புச் செதில் போல ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் செதில் பூச்சிக்கு அந்த ஒழுங்கெல்லாம் தெரியாது. காம்பில் நாலு, நரம்போரம் ரெண்டு, இலையின் மேல்பக்கம் ஒன்று என்று கண்டபடி ஒட்டியிருக்கும், நகத்தால் நெம்பினால் முழுசாகப் பெயர்ந்து வரும், இலை பிசுபிசுக்கும், எறும்பு ஏறும்.

சரி, பூச்சியே என்றாலும் நாலைந்து இலையில்தான் இருக்கிறதென்றால் அந்த இலைகளை வெட்டி எறிவதே மேல். பெரணி இலை மெல்லிசு, எண்ணெய் கலந்த மருந்து பட்டால் பொசுங்கிப்போகும். நான் அடித்த மூன்றாம் நாள், சுருண்டு எழும்பிக்கொண்டிருந்த இளங்குருத்து எல்லாம் கருகி நின்றது. அடித்தது வித்துப் புள்ளிக்கு, பூச்சி ஒன்றுகூட இல்லை!

அப்புறம், நுனி காய்கிறது என்று கேட்டவருக்குத் தண்ணீரைக் கூட்டச் சொல்லியிருக்கிறீர்கள். மண்ணில் விரலை விட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கலாம். மண் ஈரமாக இருந்தும் நுனி காய்ந்தால் பெரும்பாலும் காற்றில்தான் ஈரம் இல்லை, இல்லையென்றால் உரத்தின் உப்பு தொட்டியில் தேங்கியிருக்கும். அதற்கு மேல் தண்ணீர் ஊற்றினால் வேர் அழுகி அடியிலைகள் மஞ்சளாகும். இலைமேல் தண்ணீர் தெளிப்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை, சில நிமிடத்தில் காய்ந்துவிடும், நாலு தொட்டிகளை நெருக்கி வைத்தால் அதைவிடப் பலன் உண்டு.

முழுக்கக் காய்ந்த செடியையும் அவசரப்பட்டுத் தூக்கி எறியச் சொல்லாதீர்கள். என்னுடையதை மண்மட்டத்துக்கு வெட்டிவிட்டு, நிழலில் வைத்து, மண்ணை மட்டும் ஈரமாக வைத்திருந்தேன். அடித்தண்டு சாகவில்லை போலிருக்கிறது, 2 மாதம் கழித்து மூன்று சுருள் எழும்பியது.

அந்தப் புள்ளி விஷயத்துக்காவது அடுத்த வாரம் ஒரு திருத்தம் போடுங்கள். வித்துப் புள்ளியையும் செதில் பூச்சியையும் பக்கத்துப் பக்கத்தில் படம் போட்டுவிட்டால் விளக்கமே தேவைப்படாது.

தங்கள் நெடுநாள் வாசகன்