மலையகத்துக்குத் தொழில்வழிச் சிகிச்சையாளர்கள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஒக்டோபர் 27 உலகத் தொழில்வழிச் சிகிச்சை தினம். ஆங்கிலத்தில் ஒக்கியுபேஷனல் தெரபி, சுருக்கமாக ஓ.ரி. வருத்தத்தால் முடங்கியவர் அன்றாட வேலைகளைத் திரும்பத் தானே செய்யப் பழக்குகிற சிகிச்சை அது. மூன்று வருடத்துக்கு முன்பு வரை இப்படி ஒரு தொழில் இருப்பதே எனக்குத் தெரியாது. நான் மஸ்கெலியாப் பக்கம் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறவள். எனக்கே தெரியாதபோது என்னிடம் படிக்கிற பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்? அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

அம்மா 38 வருடம் தேயிலைக் கொழுந்து எடுத்தவர். சேமலாப நிதியை எடுத்துக்கொண்டு வீட்டில் இருந்த இரண்டாம் வருடம் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. வைத்தியசாலையில் உயிரைக் காப்பாற்றினார்கள், அதற்கு என்றைக்கும் நன்றி. வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு தாள் தந்தார்கள். கையை எப்படித் தூக்குவது, காலை எப்படி மடக்குவது என்று படம் போட்டுச் சிங்களத்தில் எழுதியிருந்தது. நானும் தம்பியும் படத்தைப் பார்த்துப் பார்த்துச் செய்வித்தோம். கை கொஞ்சம் அசையத் தொடங்கியது. ஆனால் அம்மா இஸ்தோப்புக் கதிரையில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடிதான். சாப்பாடு ஊட்டினோம், சட்டை போட்டுவிட்டோம், தலை சீவிவிட்டோம். கவனிப்பது என்றால் அதுதான் என்று நினைத்தோம்.

நாலு மாதம் கழித்துக் கண்டிப் பக்கம் ஒரு கிளினிக்குக்குப் போகச் சொன்னார்கள். விடிய நாலு மணிக்கு எழும்பி, ஹட்டனில் பஸ் மாறிப் போனோம். அங்கே இருந்த தொழில்வழிச் சிகிச்சையாளர் மிஸ், அம்மாவின் கையைத் தொடுவதற்கு முன்பே ஒரு கேள்வி கேட்டார். "சுகமா இருந்த காலத்தில காலையில எழும்பினதும் முதல்ல என்ன செய்வீங்க?" அவர் சிங்களத்தில் கேட்டதை நான் தமிழில் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், நாக்குத் தடித்த அந்தப் பேச்சில், "அடுப்பு மூட்டி ரொட்டி தட்டுவேன்" என்றார்.

அடுத்த தடவை வரும்போது ஒரு சுண்டு கோதுமை மாவும் பாதித் தேங்காயும் கொண்டுவரச் சொன்னார் மிஸ். பேசன் நழுவாமல் இருக்க அடியில் ஈரத்துணி விரித்தார். சுகமில்லாத வலக்கையை மாவில் வைத்து, அதன் மேல் இடக்கையை வைத்து அழுத்திப் பிசையவிட்டார். அதுதான் பயிற்சி. சுவரைப் பார்த்துக் கையைத் தூக்கச் சொன்னால் பத்தாவது தடவையில் அலுத்துப்போகிற அம்மா, அந்த மாவை அரை மணித்தியாலம் விடவில்லை. கரண்டிக் காம்பில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றி மொத்தமாக்கித் தந்தார். இரண்டு கிழமையில் அம்மா தானே சாப்பிட்டார். சட்டை போடும்போது சுகமில்லாத கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுக்க வேண்டும் என்றார். இது தெரியாமல் நாலு மாதம் அம்மாவின் தோளை நான் நோகவைத்திருக்கிறேன். எழுதும்போதும் மனம் கனக்கிறது.

நாங்கள் இருப்பது லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில். மலசலகூடம் வெளியே, 11 படி ஏறிப் போக வேண்டும். மிஸ் அந்தப் படிகளை ஃபோனில் படம் எடுத்துவரச் சொல்லிப் பார்த்துவிட்டு, இரண்டு பக்கமும் கைப்பிடி போடச் சொன்னார். தம்பி கையில் இருந்த காசைப் பார்த்து இடப்பக்கம் மட்டும் பைப் பூட்டினான். அம்மா இடக்கையால் பிடித்து ஏறிவிட்டார். இறங்கத் திரும்பியபோதுதான் எங்களுக்கு விளங்கியது, பைப் இப்போது வலக்கைப் பக்கம். அடுத்த சம்பளத்தில் மற்றப் பக்கமும் பூட்டினோம். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது சுகமில்லாத கால் முதலில். அம்மா இன்றைக்கும் அதை வாய்க்குள் சொல்லிக்கொண்டேதான் படி இறங்குகிறார்.

ஒரு தடவை எனக்கு லீவு கிடைக்காமல் தம்பி அம்மாவைக் கூட்டிப்போனான். அன்றைக்கென்று மிஸ், மலசலகூடத்தில் எப்படிச் சமாளிக்கிறீர்கள், உள்ளாடையை யார் மாற்றுகிறார்கள் என்று கேட்டிருக்கிறார். மகனை நடுவில் வைத்துக்கொண்டு அம்மா என்ன சொல்வார்? எல்லாம் சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். அந்த மிஸ்ஸில் ஒரு குறையும் இல்லை. "வலி", "மெதுவா" என்று கேட்டுக் கேட்டுத் தமிழ் பழகியவர் அவர். ஆனாலும் அந்த இடத்தில் லயத்தில் வளர்ந்த, தமிழ் பேசுகிற ஒரு பெண் இருந்திருந்தால், வீட்டில் ஒளித்த கஷ்டத்தையெல்லாம் அம்மா அன்றைக்கே கொட்டியிருப்பார்.

இந்தத் தொழிலின் பெயரே பிள்ளைகளைக் குழப்புகிறது. பலகையில் எழுதிக் காட்டினேன். "வேலை செய்யிற இடத்தில வாற வருத்தத்துக்கு மருந்தா மிஸ்?" என்றான் ஒருவன். "வேலை எடுத்துத் தருவாங்களா?" என்றாள் இன்னொருத்தி. பல் தீட்டுவது, குளிப்பது, பிள்ளையைத் தூக்குவது, கோயிலுக்குப் போவது, கொப்பியில் எழுதுவது என்று ஒரு ஆள் நாள் முழுக்கச் செய்கிற எல்லாமே இங்கே தொழில்தான் என்று விளங்கப்படுத்தினேன். பிசியோதெரபி கையைத் தூக்கவைக்கப் பார்க்கும். தூக்கிய கையால் என்ன செய்யப் போகிறீர்கள் என்று ஓ.ரி. கேட்கும். அம்மாவுக்கு இரண்டும் தேவைப்பட்டது.

1917இல் அமெரிக்காவின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் சிலர் கூடி இதற்கென்று ஒரு சங்கம் அமைத்தார்கள். அவர்களில் ஒருவரான ஜோர்ஜ் பார்ட்டன் கட்டிடக் கலைஞர். இடப்பக்கம் இயங்காமல் போய், தோட்ட வேலையும் தச்சு வேலையும் செய்தே உடம்பை மீட்டவர். இதைச் சொன்னபோது வகுப்பில் சத்தமே இல்லை. மண்வெட்டியும் கவாத்துக் கத்தியும் பிடிக்கிற வீட்டுப் பிள்ளைகள் அல்லவா!

எங்கள் லயத்திலேயே, கழுத்து நிற்காத ஆறு வயதுப் பிள்ளையைப் படுக்கையில் விட்டுப் போக முடியாமல் மலைக்குக் கொழுந்து எடுக்கப் போவதை நிறுத்திய ஒரு தாய் இருக்கிறார். அப்படியான பிள்ளைக்கு காகித அட்டையையும் பசையையும் வைத்தே சாய்ந்து உட்காரும் கதிரை செய்யத் தெரிந்தவர்கள் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். இரவில் கை விறைக்கிறது என்று எழும்பி உட்காருகிற கொழுந்து எடுக்கும் பெண்கள் எத்தனை பேர்! 7 பேர்ச்சஸ் காணியில் புது வீடு கட்டுகிறவர்களும் வாசல் படியையும் மலசலகூடக் கதவின் அகலத்தையும் முடிவு செய்வதற்கு முன்பு இவர்களில் ஒருவரைக் கேட்க வேண்டும். நாளைக்கு அந்த வீட்டிலும் யாராவது விழுவார்கள், எழும்ப வேண்டியிருக்கும்.

உயர்தரத்தில் உயிரியல் படித்த பிள்ளைகளுக்கு வழி இருக்கிறது. களனிப் பல்கலைக்கழகத்தின் ராகம மருத்துவ பீடத்தில் தொழில்வழிச் சிகிச்சைக்குப் பட்டப்படிப்பு உண்டு. சுகாதார அமைச்சின் கீழ் கொழும்பில் பயிற்சிப் பாடசாலையும் உண்டு. புனர்வாழ்வுக்கென்றே ராகமையிலும், கண்டிக்கு அப்பால் திகனையிலும் வைத்தியசாலைகள் இருக்கின்றன. ஆனால் எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்தது டொக்டர், இல்லாவிட்டால் டீச்சர். வைத்திய பீடம் கிடைக்காத பிள்ளை மூன்றாம் தடவையும் பரீட்சை எழுதிப் பார்க்கிறது, அப்புறம் கொழும்புக் கடைக்குப் போகிறது. எந்தப் பட்டப்படிப்பு எங்கே இருக்கிறது என்று சொல்கிற, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக் காட்ட வீட்டில் ஆள் இல்லை. அதை ஆசிரியர்களான நாங்கள்தான் செய்ய வேண்டும். நானும் இத்தனை வருடம் செய்யவில்லை.

இதை வாசிக்கிற தொழில்வழிச் சிகிச்சையாளர் யாராவது, தமிழ் பேசத் தெரிந்தவராக இருந்தால், ஒரு நாள் எங்கள் வகுப்புக்கு வாருங்கள். இந்தப் பத்திரிகைக்கு ஒரு வரி எழுதினால் போதும், ஆசிரியர் அவர்கள் எனக்குத் தெரிவிப்பார்கள் என்று நம்புகிறேன். உயிரியல் பிரிவில் 14 பேர் இருக்கிறார்கள். அதிபரிடம் கேட்டுவிட்டேன், இரண்டு பாடவேளை தருகிறேன் என்றார்.

இப்படிக்கு,
உயிரியல் ஆசிரியை ஒருவர்,
மஸ்கெலியா.