எந்த முருகன், எந்தக் கடை? மதுரைப் பக்கம் செய்தி போடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுரை மாவட்டத்தில் மைக் பிடிக்கிற, செல்போனில் வீடியோ எடுத்து ஏற்றுகிற, பஸ் பிடித்துப் போய்ச் செய்தி எடுத்து வருகிற தம்பி தங்கைகளுக்கும், ஆபீஸில் உட்கார்ந்து செய்தியைத் திருத்திக்கொண்டே அவர்களை "இன்னும் அனுப்பலையா?" என்று விரட்டுகிற டெஸ்க் அண்ணன்களுக்கும்,

வணக்கம். நான் மேலூரில் பதினெட்டு வருஷம் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபராக இருந்தவன். இப்போது தாலுகா ஆபீஸ் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். செய்தி எழுதுவதை விட்டாலும் செய்தி என்னை விடவில்லை. எஃப்.ஐ.ஆர். காப்பி, பட்டா, கலெக்டருக்குப் போகிற மனு, ஊர்க்காரனின் வழக்கு எல்லாம் என் கண்ணாடி மேலே படுத்துவிட்டுத்தான் போகின்றன.

பத்து நாளைக்கு முன்னால் ஒரு பரோட்டாக் கடைக்காரர் வந்து ஒரே ஒரு தாளை நீட்டி, இருபது காப்பி வேண்டும் என்றார். உணவுப் பாதுகாப்பு அலுவலர் வந்து பார்த்துவிட்டுக் கொடுத்த தாள். குறை எதுவும் இல்லை என்று எழுதி, கையெழுத்தும் முத்திரையும் இருந்தன. எதற்கு இருபது என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, அந்த மனுஷன் அழுதுவிட்டார்.

விஷயம் இதுதான். ஊருக்கு வெளியே வேறொரு பரோட்டாக் கடையில் கெட்டுப்போன கோழிக்கறி பிடிபட்டது. இரண்டு கடைக்கும் ஒரே சாமி பேர். நம்ம பக்கம் அந்தச் சாமி பேரில் பரோட்டாக் கடை, பாத்திரக் கடை, லாரி சர்வீஸ், அடகுக் கடை என்று எண்ணி மாளாது. உங்களில் ஒருவர் (பேர் சொல்லப் போவதில்லை, அவருக்கே தெரியும்) கூகுள் மேப்பில் அந்தப் பேரைத் தட்டி, முதலில் வந்த கடையின் போட்டோவை எடுத்து ஒட்டி, சிவப்பு வட்டம் போட்டு, "மக்களே உஷார்" என்று ஏற்றிவிட்டார். அன்றைக்குச் சாயங்காலம் பிசைந்த மாவில் பாதிக்கு மேல் வீணாய்ப் போனதாம். கடைக்காரர் போனில் கத்திக் கெஞ்சி, மூன்றாம் நாள் வீடியோ காணாமல் போனது. காணாமல் மட்டும்தான் போனது. நாங்கள் காட்டியது தவறான கடை என்று ஒரு வரி வரவில்லை. வாட்ஸப்பில் அது இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்த இருபது காப்பியில் ஒன்று இப்போது லேமினேஷன் போட்டுக் கல்லாவுக்கு மேலே, சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது, இன்னொன்று கை கழுவுகிற இடத்தில், சாப்பிட வந்தவன் கை கழுவும்போதாவது படிக்கட்டும் என்று.

கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். இதே பாவத்தை நானும் செய்திருக்கிறேன், அதுவும் சாவுச் செய்தியில்.

2001இல், நாலுவழிச் சாலை வராத காலம், திருச்சி ரோட்டில் ஒரு லாரி மோதி மேலவளவைச் சேர்ந்த ஒருவர் இறந்துபோனார். பேர் முருகன். நான் எஸ்.டி.டி. பூத்தில் நின்று, வெளியே பஸ் ஹாரன் அடிக்க அடிக்க, டெஸ்க்குக்குச் செய்தியைச் சொன்னேன். அந்தப் பக்கம் எழுதியவர் காதில் கீழவளவு என்று விழுந்திருக்கிறது. நான் அப்பா பேர் சொல்லவில்லை, வயசு சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் பேப்பர் பார்த்துவிட்டு வெளியூரிலிருந்து இரண்டு பேர் மாலையோடு கீழவளவில் இறங்கி, முருகன் வீடு எது என்று கேட்டிருக்கிறார்கள். முருகன் இல்லாத ஊர் உண்டா? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்த ஒருவர்தான் எதிரே வந்து நின்றிருக்கிறார். நான் மன்னிப்புக் கேட்கப் போனபோது அவருடைய ஆத்தா என்னைத் திட்டவில்லை. "உக்காருப்பா" என்று சொல்லி ஒரு சொம்பு மோர் கொடுத்தது. திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

செய்திக்கு ஆறு கேள்வி என்று படித்திருப்பீர்கள். யார், என்ன, எப்போது, எங்கே, ஏன், எப்படி. பரீட்சையில் எழுதினால் மார்க் கிடைக்கும், சரி. ஆனால் முதல் கேள்வியான 'யார்' என்பதற்குப் பேரை மட்டும் எழுதினால் பதில் ஆகாது என்பதை எனக்கு மோர்ச் சொம்புதான் சொல்லிக்கொடுத்தது. பேர், அப்பா பேர், வயசு, ஊர், தெரு. கடை என்றால் கதவு எண், எந்த ரோடு, எதற்கு எதிரில். அப்புறம் மிக முக்கியமாக, யாரைப் பற்றி எழுதுகிறோமோ அந்த ஆளிடம் ஒரு வார்த்தை. "உங்க கடையில் ரெய்டு நடந்ததா?" என்று ஒரே ஒரு போன் போட்டிருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது.

டெஸ்க் அண்ணன்களே, உங்களுக்கும் இதில் பங்கு உண்டு. நிருபர் ஓடுகிறவன், அவனுக்கு மூச்சு வாங்கும், தப்பு வரும். அந்தத் தப்பைப் பிடிக்கத்தான் உதவி ஆசிரியர் என்று ஒருவரை உட்கார வைத்தார்கள், அவருக்கும் தப்பினால் புரூப் பார்ப்பவர், அவருக்கும் மேலே செய்தி ஆசிரியர். பாரதியாரே 1904இல் நம்ம மதுரை சேதுபதி பள்ளிக்கூடத்தில் சில மாதம் தமிழ் வாத்தியாராக இருந்துவிட்டுச் சென்னைக்குப் போய் சுதேசமித்திரனில் சேர்ந்தபோது உதவி ஆசிரியராகத்தான் சேர்ந்தார். அந்த நாற்காலி அவ்வளவு லேசானது இல்லை. இப்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள்? இருபத்திரண்டு வயசுப் பையன் ஒருவனிடமே போனைக் கொடுத்து, அவனே எடுத்து, அவனே வெட்டி ஒட்டி, அவனே தலைப்புப் போட்டு, அவனே ஏற்றட்டும் என்று விட்டுவிட்டீர்கள். நாலு பேர் பார்த்த வேலையை ஒருத்தன் பார்ப்பதால் செலவு மிச்சம்தான். பரோட்டாக் கடைக்காரர் தலையில் அந்த மிச்சம் போய் விழுந்துவிட்டது.

சரி, வேறு விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் நல்லது செய்யவே இல்லை என்று நான் சொன்னால் என் ஊர்க்காரர்களே என்னை அடிக்க வருவார்கள்.

2024 நவம்பரில் மத்திய சுரங்கத் துறை அறிவித்த ஏல முடிவில் "நாயக்கர்பட்டி டங்ஸ்டன் பிளாக்" என்று ஒரு பேர் இருந்தது. இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்கு என்றும் இருந்தது. படித்துவிட்டுப் புரட்டிப் போகிற மாதிரியான வரி. டங்ஸ்டன் என்றால் எங்களுக்கு பல்புக்குள் இருக்கிற கம்பி, அவ்வளவுதான் தெரியும். அந்த பிளாக்குக்குள் எந்தெந்த ஊர் வருகிறது, யார் வயல் வருகிறது, 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று அறிவித்த அரிட்டாபட்டி மலை என்ன ஆகும் என்று கேட்டுக் கேட்டு எழுதியபோதுதான் அது செய்தி ஆனது. அந்த வாரமெல்லாம் என் கடையில் மனு ஜெராக்ஸ் எடுத்து மாளவில்லை, ஒரு டோனர் தீர்ந்து அடுத்தது மாட்டினேன். டிசம்பர் 9 அன்று சட்டமன்றத்தில் தீர்மானம், ஜனவரி 7 அன்று மேலூரிலிருந்து மதுரைக்கு ஆயிரக்கணக்கில் ஜனம், ஜனவரி 23 அன்று ஏலம் ரத்து. ஜெயித்தது ஜனங்கள்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு அரசாங்கத் தாளில் இருக்கிற வரியை "இது உன் வயல்" என்று எடுத்துக் காட்டுகிற வேலை இருக்கிறதே, அது நம்ம வேலை. பிரஸ் நோட்டை அப்படியே தட்டச்சு செய்து அனுப்புகிறவனால் அது முடியாது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், முக்கால்வாசி நாள் நீங்கள் அனுப்புவது பிரஸ் நோட்டைத்தான். அமைச்சர் சொன்னார், ஆணையர் தெரிவித்தார், கமிஷனர் எச்சரித்தார். எண்ணைச் சொன்னால் அதையும் அப்படியே எழுதிவிடுகிறீர்கள். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும்போது பத்து லட்சம் பேர், பதினைந்து லட்சம் பேர் என்று போடுகிறீர்களே, எண்ணியது யார்? கோரிப்பாளையத்திலும் ஆழ்வார்புரத்திலும் நெருக்கிக்கொண்டு நிற்கிற எனக்கு அது கோடி மாதிரிதான் தெரியும், ஆனால் என் மூச்சுத் திணறல் கணக்கு ஆகாது. 2022இல் அந்த நெரிசலில் இரண்டு பேர் இறந்துபோனார்கள். எத்தனை பேர் வருவார்கள் என்று திட்டமிட்டீர்கள், எத்தனை வழி திறந்து வைத்தீர்கள், எதை அடைத்தீர்கள் என்று அதிகாரியிடம் கேட்க வேண்டுமென்றால் முதலில் நம் கையில் இருக்கிற எண் ஒழுங்காக இருக்க வேண்டும். தெரியவில்லையா, "காவல்துறை மதிப்பிட்டது" என்று சொன்னவர் பேரில் எழுதுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது. வாயைத் திறந்து சொல்ல மாட்டேன் என்கிறார்களா, தகவல் உரிமைச் சட்டம் 2005லிருந்து இருக்கிறது, பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாள். நான் நிருபராக இருந்தபோது அதை ரொம்பத் தாமதமாகத்தான் பழகினேன்.

இன்னொன்று, இது கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியது. குழந்தைகளுக்கு நடந்த கொடுமையைப் பற்றிப் போடும்போது முகத்தை மட்டும் மங்கலாக்கிவிட்டு, பின்னாலே பள்ளிக்கூட ஆர்ச்சைத் தெளிவாகக் காட்டுகிறீர்கள். தெரு முனையில் நின்று "இதோ இந்த வீட்டில்தான்" என்று பேசுகிறீர்கள். போக்சோ சட்டத்தின் 23ஆவது பிரிவு பேரை மட்டும் சொல்லவில்லை தம்பி, முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளிக்கூடம், அக்கம்பக்கம் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. சிறை வரைக்கும் போகும். சட்டத்தை விடுங்கள், அந்தப் பிள்ளை நாளைக்கு அதே ஆர்ச் வழியாக உள்ளே நடந்து போக வேண்டும்.

காசு பற்றிப் பேசாமல் இந்தக் கடிதத்தை முடித்தால் நான் அயோக்கியன். பகுதிநேர நிருபருக்கு என்ன கொடுத்தார்கள்? வந்த செய்தியை ஸ்கேல் வைத்து அளந்து, அதற்கு ஒரு தொகை. பெட்ரோலுக்கே காணாது. தீபாவளி மலர் வந்தால் விளம்பரம் பிடித்துக் கொடு என்பார்கள். யாரிடம் போய்ப் பிடிப்பது? கவுன்சிலரிடம், குவாரிக்காரரிடம், தனியார் பள்ளி தாளாளரிடம். அதாவது யாரைப் பற்றி நான் எழுத வேண்டுமோ அவரிடமே போய் "அண்ணே, கால் பக்கம் போடுங்கண்ணே" என்று தலையைச் சொறிந்துகொண்டு நிற்க வேண்டும். அப்புறம் பிரஸ் மீட்டில் காசு வைத்துக் கொடுக்கிற கவர். நான் வாங்கவே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன், முதல் இரண்டு வருஷம் வாங்கினேன். விட்டது வீரத்தால் இல்லை, ஒரு நாள் கவர் கொடுத்தவர் என் தோளில் கை போட்டு "நம்ம பையன்" என்று இன்னொருவரிடம் அறிமுகப்படுத்தினார், அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. நிர்வாகத்தில் இருப்பவர்களே, செய்தி எடுக்கிறவனை விளம்பரம் பிடிக்க அனுப்பாதீர்கள். அவனுக்கு ஒரு சம்பளத்தைக் கொடுங்கள். அதைச் செய்யாமல் நெறிமுறை வகுப்பு எடுக்காதீர்கள்.

இந்த வேலை லேசு என்று நினைக்கிறவர்களுக்கு மதுரைக்காரன் ஒரு தேதி சொல்வான். 2007 மே 9. ஒரு கருத்துக்கணிப்பு வெளியானதற்காகத் தினகரன் அலுவலகத்தைத் தாக்கி எரித்ததில் மூன்று பேர் இறந்தார்கள். மூன்று பேரில் ஒருவர்கூடக் கருத்துக்கணிப்பு எழுதியவர் இல்லை. இரண்டு பேர் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்தவர்கள், ஒருவர் காவலாளி. 2009இல் குற்றம் சாட்டப்பட்ட எல்லோரையும் கீழ்க்கோர்ட்டில் விடுவித்தார்கள், 2019இல்தான் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. ஒரு செய்திக்கு எத்தனை பேர் பின்னால் நிற்கிறார்கள், அதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் காவலாளிதான் ஞாபகத்துக்கு வருகிறார்.

தினத்தந்தி 1942இல் பிறந்ததே இந்த மதுரையில்தான். டீக்கடையில் ஒருவர் சத்தமாக வாசிக்க நாலு பேர் கேட்கிற பழக்கம் எங்கள் தாத்தா காலத்துது. பேப்பர்ல போட்டிருக்கு என்றால் அதற்கு மேல் அப்பீல் இல்லை. அந்த நம்பிக்கையின் மிச்சத்தில்தான் உங்கள் வீடியோவையும் ஜனம் நம்புகிறது. அதனால்தான் நீக்கினால் மட்டும் போதாது என்கிறேன். தப்பாகப் போட்டீர்களா, அதே இடத்தில், அதே சத்தத்தில், அதே சிவப்பு வட்டத்தோடு "நாங்கள் காட்டியது தவறான கடை" என்று போடுங்கள். என் பேப்பரில் கீழவளவு முருகனுக்கு வருத்தம் தெரிவித்து ஏழாம் பக்கத்தில் மூன்று வரி வந்தது, சாவுச் செய்தி வந்ததோ மூன்றாம் பக்கத்தில். அது இன்றைக்கும் எனக்கு உறுத்தல்தான்.

அந்த வீடியோவை ஏற்றிய தம்பிக்கு மட்டும் தனியாக ஒரு வார்த்தை. உன்மேல் வழக்குப் போடச் சொல்லிப் பரோட்டாக் கடைக்காரரிடம் நாலு பேர் சொன்னார்கள், வேண்டாம் என்றுவிட்டார். "அந்தப் பையன் ஒருதரம் வந்து சாப்பிட்டுட்டுப் போகட்டும்" என்கிறார். சாயங்காலம் ஆறு மணிக்குக் கல் சூடாகும். அங்கே போவதற்கு முன்னால் என் கடைக்கு வா, ஒன்பதிலிருந்து எட்டு வரைக்கும் நான் இங்கேதான் இருப்பேன். அந்தத் தாளின் இருபத்தோராவது காப்பியை உனக்காக எடுத்து வைத்திருக்கிறேன், காசு வேண்டாம்.

இப்படிக்கு,
மேலூர் ஜெராக்ஸ் கடைக்காரன்