கயலுக்கு, தெல்மா ரிட்டரைப் பற்றி

அன்புள்ள கயல்,

"ரெண்டே சீன்தாம்மா, டைட்டில்ல பேர்கூட வராது, நாப்பது வயசுல இதுக்குப் போகணுமா?" என்று நீ போனில் கேட்டதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. அப்போது அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது, ஏதோ சொல்லி வைத்துவிட்டேன். இதையெல்லாம் பேச ஆரம்பித்தால் பாதியில் தொண்டை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் எழுதுகிறேன்.

போன விடுமுறையில் எனக்கு லேப்டாப்பில் பழைய ஆங்கிலப் படங்கள் கொஞ்சம் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாய். தினம் மதியம் ஒன்று பார்க்கிறேன். அவற்றில் ஒரு முகம் அடிக்கடி வந்தது. குள்ளமான உருவம், கரகரத்த குரல், எதிரே நிற்பவரை அளந்து பார்க்கிற கண். ஒரு படத்தில் வேலைக்காரி, இன்னொன்றில் நர்ஸ், வேறொன்றில் தெருவில் கழுத்து டை விற்கிறவள். தெல்மா ரிட்டர் என்று பேர். தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

1902 பிப்ரவரி 14 அன்று நியூயார்க்கில், புரூக்ளினில் பிறந்தவர். முறையாக நடிப்புப் படித்தார், நாடகக் குழுக்களில் நடித்தார். 1927இல் ஜோசப் மோரன் என்ற நடிகரைக் கல்யாணம் செய்துகொண்டார். ஒரு மகள், ஒரு மகன். பிள்ளைகளை வளர்ப்பதற்காக மேடையை விட்டார். அவர்கள் கொஞ்சம் வளர்ந்ததும், 1940களில் ரேடியோ நாடகங்களில் பேச ஆரம்பித்தார். சினிமா பக்கம் அதுவரை வந்ததே இல்லை.

1947இல் 'மிராக்கிள் ஆன் 34த் ஸ்ட்ரீட்' படத்தை எடுத்த ஜார்ஜ் சீட்டன் தெரிந்தவர் என்பதால் ஒரு சின்ன வேடம் வந்தது. கிறிஸ்துமஸ் நேரத்தில் பையனோடு மேசிஸ் கடைக்கு வருகிற அம்மா. பையன் கேட்கிற பொம்மைத் தீயணைப்பு வண்டியை ஊரெல்லாம் தேடிக் கால் ஓய்ந்து போனவள். கடையில் உட்கார்ந்திருக்கும் கிறிஸ்துமஸ் தாத்தாவோ பையனிடம் 'கிடைக்கும்' என்று வாக்குக் கொடுத்துவிடுகிறார். கிடைக்காத பொருளை எப்படிச் சொல்லலாம் என்று இவள் சண்டைக்குப் போகிறாள். அவர் வேறொரு கடையின் பேரைச் சொல்லி, அங்கே இருக்கிறது, போய் வாங்கிக்கொள் என்கிறார். தன் கடைக்கு வந்தவளை இன்னொரு கடைக்கு அனுப்புகிற ஆளை அவள் எங்கே பார்த்திருக்கிறாள்? கோபமாக வந்த முகம் அப்படியே குழம்பி நிற்கும். சில நிமிஷம்தான். டைட்டிலில் பேர் இல்லை கயல். அப்போது அவருக்கு வயது 45.

அதற்கு மூன்றே வருஷத்தில் 'ஆல் அபவுட் ஈவ்'. நடிகையின் உதவிக்காரி பேர்டி வேடம். ஒரு பெண் வந்து தன் சோகக் கதையைச் சொல்கிறாள், அறையே உருகுகிறது. அந்தப் பெண்ணிடம் ஏதோ சரியில்லை என்று முதலில் மோப்பம் பிடிப்பவள் பேர்டிதான். படம் பாதி தாண்டியதும் பேர்டி வருவதேயில்லை. ஆனாலும் அந்த வேடத்துக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. அங்கே தொடங்கி வரிசையாக நாலு வருஷப் படங்களுக்கு நாலு பரிந்துரை. அப்புறம் 1959, 1962 படங்களுக்கும். மொத்தம் ஆறு, எல்லாமே துணை நடிகைக்கானது. ஒரு தடவைகூடக் கொடுக்கவில்லை. எனக்கு ஆறவேயில்லை. 'பிக்கப் ஆன் சவுத் ஸ்ட்ரீட்' படத்துக்காவது கொடுத்திருக்க வேண்டும்.

1953இல் சாமுவேல் புல்லர் எடுத்த படம் அது. நீ கட்டாயம் பார். அதில் இவர் மோ என்ற கிழவி. டை விற்பாள், போலீசுக்குத் துப்பும் விற்பாள். எதற்கு? தான் செத்தால் அநாதைப் பிணங்களோடு புதைத்துவிடக் கூடாது, ஒழுங்கான இடத்தில் அடக்கம் செய்ய வேண்டும், அதற்குக் காசு சேர்க்கிறாள். ஒரு ராத்திரி களைத்துப் போய் அறைக்கு வந்தால், துப்பாக்கியோடு ஒருவன் காத்திருக்கிறான். அவன் தேடுகிற ஆளைக் காட்டிக்கொடுத்தால் பிழைப்பாள், அவள் காட்டிக்கொடுக்கவில்லை. கெஞ்சவும் இல்லை. எவ்வளவு அலுத்துப் போயிருக்கிறேன் என்பதை மட்டும் சொல்கிறாள். ஏதோ பல் வலியைப் பற்றிப் பேசுகிற மாதிரி சாதாரணமாக. ரெக்கார்டு ஓடிக்கொண்டிருக்கிறது, கேமரா அவளை விட்டு நகர்கிறது, சத்தம் மட்டும் கேட்கிறது. அன்றைக்கு ராத்திரி நான் சாப்பிடவில்லை. அந்தப் படத்தின் நாயகன் முகம்கூட இப்போது சரியாக நினைவில்லை, மோவை மறக்க முடியவில்லை.

'ரியர் விண்டோ'வில் கால் ஒடிந்தவனைப் பார்த்துக்கொள்ள வரும் நர்ஸ் அவர்தான், அதை நாம் சேர்ந்தே பார்த்தோம். அவன் காலைச் சாப்பாட்டில் கை வைக்கும்போது, எதிர்வீட்டுக்காரன் பிணத்தை எங்கே வைத்து வெட்டியிருப்பான் என்று யோசித்துக்கொண்டே பேசுவாரே, நீ விழுந்து விழுந்து சிரித்தாய். விட்ட மேடைக்கும் அவர் திரும்பிப் போனார். 1958இல் 'நியூ கேர்ள் இன் டவுன்' இசை நாடகத்துக்காக, மேடை நாடகங்களுக்குக் கொடுக்கிற டோனி விருது வாங்கினார். துணை வேடத்துக்கு இல்லை, முதன்மை நடிகைக்கான விருது. கூட நடித்த க்வென் வெர்டனோடு பகிர்ந்துகொண்டார்.

கடைசிப் பரிந்துரை 'பேர்ட்மேன் ஆஃப் அல்கட்ராஸ்' படத்துக்கு. அதில் ஆயுள் கைதியின் அம்மா. மகனைத் தூக்கிலிருந்து காப்பாற்ற ஜனாதிபதியின் மனைவி வரை போய் மன்றாடியவள். அதே அம்மா, மகன் வாழ்க்கையில் இன்னொரு பெண் வந்ததும் அவனுக்கு எதிராகத் திரும்புகிறாள். தன் கைக்குள் இருக்கிறவரைதான் அவளுக்கு மகன். ரிட்டர் அந்த அம்மாவைக் கெட்டவளாகக் காட்டவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. படத்தை நிறுத்திவிட்டு வெளியே போய் உட்கார்ந்தேன்.

யாழினி பிறந்தபோது 'நாடகமெல்லாம் போதும்' என்று சொன்னது நான்தான். ரிட்டர் விட்டபோது அவராக விட்டிருப்பார். உன்னை நான் விட வைத்தேன். நீ எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை, மேக்கப் பெட்டியைப் பரண் மேல் ஏற்றிவிட்டுக் கீழே இறங்கினாய். உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன் என்று அப்போது நம்பினேன். இப்போது நினைத்தால், நீ ராத்திரி ஒத்திகை முடிந்து வருவது எனக்குப் பயம், அக்கம்பக்கத்துப் பேச்சும் பயம். அந்தப் பயத்தை உன் தலையில் கட்டிவிட்டேன். பத்து வருஷம் ஓடிவிட்டது. என்னை மன்னித்துவிடு கண்ணு.

ரிட்டர் 1969 பிப்ரவரி 5 அன்று நியூயார்க்கிலேயே மாரடைப்பில் இறந்தார். 67 முடிய ஒன்பது நாள் இருந்தது.

பரணிலிருந்து உன் பெட்டியை நேற்று இறக்கித் துடைத்தேன். பூட்டு துருப்பிடித்திருந்தது, எண்ணெய் விட்டதும் திறந்துவிட்டது. உள்ளே பழைய சீப்பும் ஒரு ஜோடி கொலுசும் இருந்தன, மை காய்ந்துபோயிருந்தது. பெட்டியை நானே எடுத்து வருகிறேன். நீ ஷூட்டிங் போகிற நாட்களில் யாழினியைப் பள்ளிக்கு அனுப்புவது, சாப்பாடு, டியூஷன் எல்லாம் என் பொறுப்பு. எந்தத் தேதி என்று மட்டும் சொல், அப்பாவை டிக்கெட் போடச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா