கில்பெக் ஆலயத்தைப் பழுதுபார்க்கவும் வரியா? பிரிட்டன் நிதியமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்தில் ஹியர்ஃபோர்டு நகருக்குத் தென்மேற்கே கில்பெக் என்றொரு சிற்றூர். அங்குள்ள தூய மரியாள், தூய தாவீது ஆலயம் 1140 வாக்கில் எழுந்தது. அளவில் சிறியதுதான்: மக்கள் கூடும் இடம், அதை ஒட்டிக் குருமார் நிற்கும் இடம், கடைசியில் அரைவட்டமாக வளையும் பீடப் பகுதி. ஆனால் அந்தச் செம்மணற்கல்லில் உளி செய்திருக்கும் வேலையைப் பார்த்து முடிக்க ஒரு பகல் போதாது. தெற்கு வாசலுக்கு மேலே வாழ்வின் மரம். வாசல் தூணில் கொடிகளுக்கிடையே போர்வீரர்கள். கூரைக்கு அடியில் சுற்றிலும் எண்பதுக்கும் மேற்பட்ட தாங்குகற்கள்! ஒன்றில் நாயும் முயலும் அருகருகே முகம் காட்டுகின்றன. இன்னொன்றில் ஷீலா நா கிக் எனப்படும், அந்தரங்க உறுப்பைத் திறந்து காட்டும் பெண்ணுருவம், எந்தக் கூச்சமும் இல்லாமல். ஒரு கிராமத்துக் கோயிலுக்கு இவ்வளவு கற்பனையைக் கொட்டிய அந்தச் சிற்பிகளின் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை.

16ஆம் நூற்றாண்டில் ஆலயச் சிலைகளை உடைத்தவர்களிடமிருந்து இவை தப்பின. 1645இல் பக்கத்துக் கோட்டையை இடித்தபோதும் தப்பின. இனி பயப்பட வேண்டியது தண்ணீருக்கு. இப்படிப்பட்ட சுவரில் சிமென்ட் வைத்தால் ஈரம் உள்ளேயே தங்கி, கல் செதில் செதிலாக உதிரும். சுண்ணாம்புச் சாந்துதான் வேண்டும், அதில் கைதேர்ந்த கொத்தனாரும் வேண்டும். செலவு அந்தந்த ஊர்ச் சேகரக் குழுவின், அதாவது ஆலய நிர்வாகக் குழுவின் தலையில். சம்பளம் வாங்காமல் உழைக்கும் உள்ளூர்க்காரர்கள் அவர்கள்.

அவர்களிடம் போய் நீங்கள் 20 சதவீதம் வாட், அதாவது மதிப்புக் கூட்டு வரி, கேட்கிறீர்கள். புதிதாகக் கட்டும் வீட்டுக்கு வாட் பூஜ்யம்; 900 வருடக் கட்டடத்தைக் காப்பாற்றினால் முழு வரி. இது எந்த ஊர் நியாயம்? 2001 முதல் மானியமாக அந்த வரியைத் திருப்பித் தரும் வழி இருந்தது, சரி. 2025இல் அதற்கும் ஓர் இடத்துக்கு வருடத்துக்கு 25,000 பவுண்டு என்று வரம்பு வைத்தீர்கள். இரண்டு லட்சம் பவுண்டு வேலை என்றால் வாட் மட்டும் 40,000. மீதி 15,000 பவுண்டுக்கு ஒரு சின்ன ஊர் எங்கே போயிருக்கும்?

வருடத்துக்கு வருடம் மாறும் மானியம் வேண்டாம். பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் உள்ள எல்லா மதங்களின் வழிபாட்டு இடங்களுக்கும், பழுதுபார்ப்புக்கான வாட் வரியை அடுத்த பட்ஜெட்டிலேயே பூஜ்யமாக்குங்கள். பொருளுக்கும் கொத்தனார் கூலிக்கும் சேர்த்தே.

இப்படிக்கு,
பழைய ஆலயங்களைத் தேடிப் போய்ப் பார்க்கும் ஒருவர்